கேஸ் சிலிண்டர் விபத்துகள்: அடுப்பைப் பற்ற வைத்தவர் மட்டுமா பொறுப்பு?

சமையல் எரிவாயு விபத்து பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரவில் கேஸ் கசிந்து வீடு முழுவதும் பரவியிருந்தது. அதிகாலையில் எழுந்த பெண் விளக்கைப் போட சுவிட்சைத் தட்டினார், அல்லது அடுப்பைப் பற்ற வைத்தார். பயங்கர சத்தத்துடன் வீடு தீப்பற்றியது. கடைசி வரியில் கவனக்குறைவே காரணம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். படிக்கும் நாமும் "கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

அந்தப் பெண் செய்த தவறுதான் என்ன? தினமும் செய்வதைத்தான் அன்றும் செய்தார். வெடித்துப்போன அந்த டியூபை மாற்றாமல் எட்டு வருடம் விட்டு வைத்தது யார்? ஜன்னல் இல்லாத மூலையில் சிலிண்டரை வைக்கும்படி சமையலறையைக் கட்டியது யார்? வால்வைச் சோதிக்காமல் வாசலில் இறக்கிவிட்டுப் போனது யார்? இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அதே செய்தி அடுத்த மாதம் வேறொரு ஊரின் பெயரோடு வருகிறது.

இந்தியாவில் இன்று 30 கோடிக்கும் மேற்பட்ட வீட்டு எரிவாயு இணைப்புகள் உள்ளன. விறகுப் புகையிலிருந்து பெண்களை விடுவித்த பெரிய மாற்றம் இது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சிலிண்டர் வந்த வேகத்தில் அதைக் கையாளும் அறிவு நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததா என்பதை யோசிக்க வேண்டும். அடுப்பு பற்றும் அந்த நொடியில் காட்டும் கவனத்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அதற்கு முன்பே பலர் எடுக்கும் முடிவுகளில்தான் அது இருக்கிறது. அந்தப் பலரில் நாமும் இருக்கிறோம்.

வெடிப்பது எது?

"சிலிண்டர் வெடித்தது" என்று சொல்கிறோம். ஆனால் வீடுகளில் நடக்கும் பெரும்பாலான விபத்துகளில் சிலிண்டர் வெடிப்பதில்லை; அது அப்படியே முழுதாக நிற்கும். அதிலிருந்தோ டியூபிலிருந்தோ கசிந்து, அறைக் காற்றோடு கலந்த வாயுதான் வெடிக்கிறது. தீயின் நடுவில் சிக்கி, உள்ளே அழுத்தம் தாங்காமல் போகும்போதுதான் சிலிண்டரே பிளக்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. சிலிண்டரைப் பார்த்து பயப்படுவதைவிட, கசிவையும் அடைபட்ட அறையையும் பார்த்து பயப்படுவதே சரி.

புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டதுதான் நம் சமையல் எரிவாயு. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்துவிட்டாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். பத்துக்கு எட்டு அடியில் உள்ள ஒரு சிறிய சமையலறையைக் கணக்கிட்டுப் பார்த்தால், சுமார் ஒரு கிலோ கேஸ் கசிந்தால் போதும், அறையின் காற்று முழுவதும் அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. வீட்டு சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ.

அதோடு இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படிந்து தங்கும். கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். எனவே உயரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் இருப்பது மட்டும் போதாது. தரை மட்டத்தில் காற்று வெளியேற வழி வேண்டும். இன்று புதிதாகக் கட்டும் வீடுகளில் கிரானைட் மேடைக்கு அடியில் மரக் கதவு போட்டு, அழகுக்காக சிலிண்டரை உள்ளே மூடி வைக்கிறார்கள். அந்தக் கதவின் அடிப்பகுதியிலும் மேற்பகுதியிலும் காற்றோட்டத் துளைகள் இல்லாவிட்டால், அது கசிந்த வாயுவைச் சேர்த்து வைக்கும் பெட்டியாகிவிடும். வீடு கட்டும்போதே மேஸ்திரியிடமும் ஆசாரியிடமும் சொல்ல வேண்டிய விஷயம் இது. கட்டி முடித்த வீட்டில் குடியேறும் பெண்ணால் இதை மாற்ற முடியாது.

மினா கற்றுத் தந்தது

ஹஜ்ஜுக்குச் சென்று வந்த நம் பெரியவர்களில் பலருக்கு 1997 நினைவிருக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று மினாவின் கூடாரங்களில் தீப்பிடித்தது. கேஸ் அடுப்பிலிருந்து தொடங்கியதாகச் சொல்லப்பட்ட அந்தத் தீ, பலத்த காற்றில் பரவி சுமார் 70,000 கூடாரங்களை அழித்தது. 343 ஹாஜிகள் உயிரிழந்தார்கள். 1,500 பேருக்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தைச் சேர்ந்தவர்கள் அவர்களில் அதிகம். அதற்கு முன்பு 1975 டிசம்பரிலும் ஹஜ் காலத்தில் மினாவில் கேஸ் சிலிண்டர் வெடித்துப் பரவிய தீயில் சுமார் 200 பேர் இறந்திருந்தார்கள்.

1997க்குப் பிறகு சவூதி அரசு ஹாஜிகளிடம் கவனமாக இருங்கள் என்று சொல்வதோடு நின்றுவிடவில்லை. பருத்தித் துணிக் கூடாரங்களை அகற்றிவிட்டு, எளிதில் தீப்பற்றாத, டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைக் கூடாரங்களை அமைத்தது. தண்ணீர் தெளிக்கும் கருவிகளைப் பொருத்தியது. கூடாரங்களில் கேஸ் அடுப்பைத் தடை செய்தது. அந்த அளவிலான தீ விபத்து அதன் பிறகு மினாவில் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இலட்சக்கணக்கான மக்கள், பல மொழிகள், ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே கூடும் கூட்டம். இவர்கள் ஒவ்வொருவரின் கவனத்தையும் நம்பி அந்த ஏற்பாட்டைச் செய்ய முடியாது. ஒருவர் கவனம் தவறினாலும் உயிர் போகாதபடி இடத்தையும் பொருளையும் மாற்றினார்கள். நம் வீட்டுக்கும் இதுதான் பாடம்.

இலங்கையில் யார் தவறு?

இன்னொரு பாடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் வீட்டு சிலிண்டர் தொடர்பான வெடிப்புகள் நூற்றுக்கணக்கில் பதிவாயின. அடுப்புகள் சிதறின, டியூப்கள் எரிந்தன, உயிர்களும் போயின. நம் சகோதரர்கள் வாழும் ஊர்கள் உட்பட எங்கும் மக்கள் சமைக்கவே அஞ்சினார்கள். சிலர் மீண்டும் விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள்.

முதலில் பழைய டியூப், தரமற்ற ரெகுலேட்டர், பயன்படுத்துவோரின் கவனக்குறைவு என்றே பேசப்பட்டது. பிறகு ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு ஆராய்ந்து, எரிவாயுக் கலவையில் செய்யப்பட்ட மாற்றமே முக்கியக் காரணம் என்று கூறியது. பியூட்டேன் அதிகமாக இருந்த கலவையில் புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டிருந்தது. புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிடப் பல மடங்கு அதிகம். வீடுகளில் இருந்த இணைப்புகளுக்கு அந்த அழுத்தம் கூடுதல் சுமையானது, கசிவு ஏற்பட்டது. கசிவை மூக்கு கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற வாசனைப் பொருளின் அளவும் அப்போது கேள்விக்குள்ளானது.

சமையலறையில் நின்றவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் கலவையை மாற்றியிருக்க முடியாது. அது நிறுவனமும் கண்காணிக்க வேண்டிய அரசும் எடுத்த முடிவு. ஆகவே ஒரு விபத்து நடந்தால் "அவர்தான் சரியாக மூடவில்லை" என்று தெருவிலேயே தீர்ப்புச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். விசாரணை கேட்க வேண்டும். டியூப், ரெகுலேட்டர், வால்வு ஆகியவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்து ஆய்வுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் முடிவெடுப்பது யார்?

நம் சமூகத்தில் பல குடும்பங்களில் ஆண்கள் வளைகுடாவிலோ வெளியூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் மனைவி, பிள்ளைகள், வயதான தாய். சிலிண்டர் வரும், மாற்றப்படும். டியூபை எப்போது வாங்கினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க கடையில் வாங்கிய பச்சை டியூப் வருடக்கணக்கில் கிடக்கும். வீட்டுக்கு ஏசி வாங்குவதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் பேசுகிறோம். டியூபைப் பற்றி ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா?

வீட்டின் பொறுப்பில் இருப்பவர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்வரும் ஏற்பாடுகள் அவர் பொறுப்பு.

எரிவாயு நிறுவனங்கள் ‘சுரக்ஷா’ என்ற பெயரில் கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூபைத் தருகின்றன. அதன் ஆயுள் 5 ஆண்டுகள். அதற்கு மேல் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. சுவரைத் துளைத்துக் கொண்டு போகக் கூடாது. அழுக்காகாமல் இருக்கத் துணியையோ பிளாஸ்டிக்கையோ சுற்றினால் வெடிப்பும் எலி கடித்த இடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும். அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். தரையில் அடுப்பை வைத்துப் பக்கத்திலேயே சிலிண்டரை நிறுத்துவது ஆபத்து. ஃபிரிட்ஜ், சாமான் அறை, தரைக்குக் கீழுள்ள அறை, படிக்கட்டின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம். கூடுதல் சிலிண்டர் இருந்தால், அது நிரம்பியதோ காலியோ, வால்வின் மீது நூலில் தொங்கும் பாதுகாப்பு மூடியைப் போட்டே வைக்க வேண்டும்.

இரவு படுக்கும் முன் அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது. ரெகுலேட்டரையும் மூட வேண்டும். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்துபோனது. அந்தச் செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், தூங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடும்படி சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. விபத்து நடந்த பின் யாரைக் குறை சொல்வது என்ற பேச்சே அங்கு இல்லை. படுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலையாக அது எல்லோருக்கும் சொல்லப்பட்டது. கடைசியாகப் படுப்பவர் யாரோ அவர் ரெகுலேட்டரை மூடுவது என்று நம் வீட்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்தால், அது ஆணோ பெண்ணோ பிள்ளையோ, யாராலும் செய்ய முடிந்த வேலைதான்.

டெலிவரி நாளில் கேட்க வேண்டியவை

சிலிண்டர் வரும்போது எடையைக் காட்டச் சொல்லவும், கசிவு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. டெலிவரி ஊழியர் அவசரத்தில் இருப்பார். நாலு மாடி ஏறி வந்திருப்பார். அவரிடம் கடுமையாகப் பேச வேண்டியதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தம்பி, சீலைப் பிரித்துக் கசியுதா பாருங்க" என்று கேட்டால் போதும். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் இல்லாமலோ கிழிந்தோ இருந்தால் கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

சிலிண்டரின் கைப்பிடியைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். அந்த சிலிண்டர் அடுத்து எப்போது பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதை அது சொல்கிறது. ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச், ‘பி’ என்றால் ஏப்ரல் முதல் ஜூன், ‘சி’ என்றால் ஜூலை முதல் செப்டம்பர், ‘டி’ என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் உள்ள எண் ஆண்டு. ‘சி 28’ என்றிருந்தால் 2028 செப்டம்பர் வரை. அந்தக் காலம் கடந்துவிட்ட சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

கேஸ் வாடை வந்தால்

விபத்துச் செய்திகளில் உயிர் போவது பெரும்பாலும் வாடை வந்த பிறகு செய்யும் முதல் காரியத்தில்தான். எனவே வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

எந்த சுவிட்சையும் போடக் கூடாது. எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. போட்டாலும் அணைத்தாலும் சுவிட்சுக்குள் பொறி வரும். ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன், ஃபிரிட்ஜ் கதவு, காலிங் பெல், செல்போன் எதையும் அந்த அறையில் தொட வேண்டாம். சாம்பிராணி, கொசுவர்த்தி எரிந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். ரெகுலேட்டரை மூடியும் வால்விலிருந்து கசிந்தால், அதைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்பு மூடியை அழுத்திப் போட வேண்டும். முடியாவிட்டால் விட்டுவிட்டு வெளியேறுவதே மேல். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். எரிவாயுக் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. தீப்பற்றிவிட்டால் 101.

வயதானவர்களுக்கும், சளி பிடித்தவர்களுக்கும் வாடை சரியாகத் தெரியாது. நீண்ட நேரம் அதே அறையில் இருப்பவருக்கும் மூக்கு பழகிப்போய்விடும். வெளியிலிருந்து வரும் ஒருவர் "கேஸ் வாடை வருதே" என்றால், "எனக்குத் தெரியலையே" என்று மறுக்க வேண்டாம்.

கல்யாண வீடும் நோன்புக் கஞ்சியும்

ஒரு சிலிண்டரோடு இருக்கும் ஆபத்து, பத்து சிலிண்டர் ஒன்றாகச் சேரும்போது பல மடங்காகிறது. ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் உள்ள புங்ரா கிராமத்தில் 2022 டிசம்பர் 8 அன்று ஒரு திருமண வீட்டில் சிலிண்டர் கசிந்து தீப்பற்றியது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கூடியிருந்தவர்களில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், லக்னோவிலிருந்து ஆன்மிகப் பயணம் வந்தவர்கள் விதியை மீறிக் கொண்டுவந்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயிலில் எரிவாயு சிலிண்டர் கொண்டு செல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குடும்பமாகவும் குழுவாகவும் ஸியாரத்துக்கும் சுற்றுலாவுக்கும் போகும் நாம் "வழியில் சமைத்துக்கொள்ளலாம்" என்று நினைக்கும்போது மதுரை நினைவுக்கு வர வேண்டும்.

ரமளானில் பள்ளிவாசல்தோறும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். தமிழக அரசு அதற்குப் பச்சரிசி வழங்குகிறது. எத்தனை கிலோ அரிசி வந்தது, எத்தனை தேக்சா காய்ச்சினோம் என்று நிர்வாகம் கணக்கு வைத்திருக்கிறது. எத்தனை சிலிண்டர் எங்கே இருக்கிறது, டியூபை எப்போது மாற்றினோம் என்ற கணக்கு எத்தனை பள்ளிவாசலில் இருக்கிறது?

வலீமா விருந்திலும் இதே நிலைதான். பெரிய அடுப்பில் தொடர்ந்து கேஸ் எடுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து, தீ குறையும். உடனே சிலிண்டரைச் சாய்ப்பது, படுக்க வைப்பது, வெந்நீர் ஊற்றுவது, அடுப்பருகே நகர்த்துவது என்று செய்கிறார்கள். நால்வகையும் ஆபத்தானவை. இரண்டு சிலிண்டரை முறையான இணைப்பில் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் சரியான வழி. விருந்துக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்துவது விதிமீறலும்கூட. அதற்கென்று 19 கிலோ வணிக சிலிண்டர் உண்டு. ஓரிடத்தில் 100 கிலோவுக்கு மேல் எரிவாயு வைத்திருந்தால் உரிமம் வேண்டும். அதாவது 19 கிலோ சிலிண்டர் ஐந்துக்கு மேல் அடுக்குவதாக இருந்தால் நாம் சட்டத்துக்குள் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலருக்குத் தெரியாத காப்பீடு

பொதுத்துறை எரிவாயு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எரிவாயு விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை அதில் வழி இருக்கிறது. விபத்து நடந்ததும் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து, ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மருத்துவ ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பொருள் சேதத்துக்கான தொகை, இணைப்பு பதிவாகியுள்ள முகவரிக்குத்தான். வாடகை வீடு மாறியும் பழைய முகவரியிலேயே இணைப்பை வைத்திருப்பவர்கள், உம்மாவின் பெயரில் உள்ள சிலிண்டரை வேறு ஊரில் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைகளில் சட்டவிரோதமாக நிரப்பித் தரும் சின்ன சிலிண்டர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. நிரப்பும் இடமே ஆபத்தானது. படிக்கவும் வேலைக்கும் வெளியூர் சென்று அறை எடுத்துத் தங்கும் நம் பிள்ளைகள்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு 5 கிலோ சிலிண்டரை முறையாக வாங்கும் வழி இருக்கிறது.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

தவக்குல் என்பது ஏற்பாடுகளைச் செய்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுவது. ஏற்பாட்டைச் செய்யாமல் விதி என்று சொல்வது நம் மார்க்கம் கற்றுத் தந்ததல்ல. ஆகவே மூன்று வேலைகளை நம் மஹல்லா ஜமாஅத்துகள் முன் வைக்கிறோம்.

ஒன்று, ஷஅபான் மாதம் முடிவதற்குள் கஞ்சி காய்ச்சும் இடத்தை ஏஜென்சி ஊழியரை அழைத்துச் சோதிக்கச் செய்யலாம். சிலிண்டர்களை அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, தீயணைப்புக் கருவி ஒன்றை வாங்கி மாட்டலாம்.

இரண்டு, தீயணைப்புத் துறையினரை அழைத்துச் செய்முறை விளக்கம் நடத்தலாம். கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். ஆண்கள் மட்டும் பள்ளிவாசலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவதில் பயனில்லை. பெண்கள் மதரஸாவில் நடத்த வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் சகோதரிகளையும், எந்த மதத்தவராக இருந்தாலும், அழைக்க வேண்டும்.

மூன்று, கணவனை இழந்தவர்கள், தனித்து வாழும் முதியவர்கள், வசதியில்லாத குடும்பங்கள் ஆகியோரின் வீடுகளுக்கு டியூப் மாற்றித் தரும் வேலையை இளைஞர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு ஒரு வேளை பிரியாணிச் செலவுக்கு மேல் போகாது.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்கு வீடியோ கால் பேசும்போது, சமையலறைக்குப் போய் டியூபைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படிக்கச் சொல்லுங்கள். 5 ஆண்டு தாண்டியிருந்தால் நாளைக்கே மாற்றச் சொல்லி, அதற்கான பணத்தையும் அனுப்பிவிடுங்கள்.